ஃபியூஸ் காத்தது எதை?

1929-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் மின்விளக்குகள் எரியத் தொடங்கின. சேது லட்சுமி பாயி திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பை வகித்த காலம் அது. மலையாற்று நீரிலிருந்து மின்சாரம் எடுத்த பள்ளிவாசல் திட்டம் 1940-இல்தான் இயங்கத் தொடங்கியது. ஆகவே தலைநகரின் முதல் வெளிச்சம் அனல்மின் நிலையம் தந்தது. வெளிச்சத்தோடு ஒரு புதிய அச்சமும் வீடுகளுக்குள் நுழைந்தது. தமிழர் அதை ‘ஷாக் அடித்தது’ என்றனர். மலையாளிகள் ‘ஷோக்கடிச்சு’ என்றனர். இரு மொழிகளும் ‘பேய் அடித்தது’ என்பதைப் போலவே, அடிக்கும் வல்லமை முழுவதையும் கம்பியின் மேல் ஏற்றிவிட்டன.

உண்மையில் கம்பி தனியாக எவரையும் அடிப்பதில்லை. மின்னோட்டத்திற்குப் போகும் வழியும் வேண்டும், திரும்பும் வழியும் வேண்டும். 1746-இல் பிரெஞ்சு அறிஞர் நொல்லே, மன்னர் பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து, மின்னூட்டம் பெற்ற லெய்டன் சாடி ஒன்றை அவர்கள் வழியே வெறுமையாக்கினார். வீரர் அனைவரும் ஒரே நொடியில் துள்ளினர். அன்று அது அரண்மனைக் கேளிக்கை. எனினும் அதில் ஓர் உண்மை வெளிப்பட்டது: வளையம் முழுமையாகும்போதுதான் உடல் அதிர்கிறது. ஒரே கம்பியில் இரு கால்களையும் ஊன்றி அமரும் காகம் பிழைப்பதும் இதனால்தான். அதன் உடல் வழியே வேறெங்கும் செல்லப் பாதை இல்லை.

மனிதனின் நிலை வேறு. மின்மாற்றியின் நியூட்ரல் முனையைப் பொறியாளர்கள் வேண்டுமென்றே மண்ணோடு இணைக்கின்றனர். உயரழுத்த மின்சாரம் தவறி வீட்டுக் கம்பிக்குள் புகுந்தால் வரும் பேராபத்தைத் தவிர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இந்த ஏற்பாட்டால் நிலமே திரும்பும் வழியாகிவிடுகிறது. வெறுங்காலோடு தரையில் நின்று, பழுதான கருவி ஒன்றைத் தொடுபவர் தம்மையறியாமல் வளையத்தை நிறைவு செய்கிறார்.

திருவனந்தபுரம் இதற்கு மிகவும் இடங்கொடுக்கும் ஊர். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் அதை நனைக்கின்றன. ஈரம் ஊறிய வெட்டுக்கல் சுவர், கழுவிய சமையலறைத் தரை, வியர்த்த கை ஆகிய அனைத்தும் மின்னோட்டத்திற்குத் துணைபோகின்றன. வட இந்தியக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் கார்க் கதவைத் தொட்டால் ‘சுருக்’கெனத் தைக்கும் நிலைமின்னூட்டம் இங்கே ஈரக்காற்றிலேயே பெரிதும் கசிந்து போய்விடும். எனவே இவ்வூரில் குளிர்பதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ கையில் விறுவிறுப்பு ஏற்படுத்தினால், அதை அற்பம் என்று ஒதுக்கலாகாது. பெரும்பாலும் அது எர்த் இணைப்பு செயலற்றுப் போனதன் முன்னறிவிப்பு.

உடல் தாங்கும் அளவு மிகச் சிறிது. 1 மில்லிஆம்பியர் அளவில் மின்னோட்டம் உணரப்படுகிறது. எந்த அளவில் கை கம்பியை விட முடியாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சியல் 1940-களில் நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்பது அவர் கண்ட முடிவு. 100 மில்லிஆம்பியர் அளவு மார்பின் வழியே சில நொடிகள் பாய்ந்தாலே இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைந்து உயிர் போகக்கூடும். 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரிய ஏறத்தாழ 260 மில்லிஆம்பியர் தேவை என்பதை இதனோடு ஒப்பிட்டால் ஆபத்தின் அளவு விளங்கும்.

இங்கேதான் வரலாற்றின் கசப்பான பகுதி தொடங்குகிறது. பல பத்தாண்டுகளாக வீட்டின் பாதுகாவலாகக் கருதப்பட்டது பீங்கான் ஃபியூஸ் கட்டை. அதிலிருந்த கம்பி 5 ஆம்பியர், அதாவது 5,000 மில்லிஆம்பியர் தாங்கக்கூடியது. ஒருவர் உடலில் 200 மில்லிஆம்பியர் பாய்ந்தால் ஃபியூஸ் அதை அறியவே அறியாது. அது கம்பி சூடேறி வீடு தீப்பற்றாமல் காத்தது. மனிதனைக் காக்க அது உருவாக்கப்படவில்லை. மூன்று முனை பிளக்கின் நீண்டு தடித்த எர்த் முனையும், உப்பும் கரியும் இட்டு மண்ணில் புதைத்த எர்த் குழாயும் உடலைவிட எளிதான வழியொன்றை மின்னோட்டத்திற்குக் காட்டின. ஆனால் பழைய வீடுகளின் இருமுனைச் சாக்கெட்டுகளில் அந்த வழியும் இல்லை.

உடலையே கருத்தில் கொண்ட கருவி 1950-களிலும் 60-களிலும்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வடிவம் பெற்றது. அமெரிக்காவில் அதை உருவாக்கியவர் அதே டால்சியல். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அக்கருவி ஓயாமல் ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டினால், நொடியின் சிறு பின்னத்துக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. வீடுகளில் இ.எல்.சி.பி. என்ற பெயரில் வழங்குவது அதுவே.

ஆயினும் அதன் காவல் வீட்டு எல்லையோடு முடிகிறது. தெருக்கம்பத்தில் உறையின்றிச் செல்லும் அலுமினியக் கம்பிக்கு மின்மாற்றியிலுள்ள பெரிய ஃபியூஸ் மட்டுமே காவல். அதுவும் மனித உடலை அறியாதது. அங்கே உயிரைக் காப்பது தொலைவு ஒன்றே. பலாவும் மாங்காயும் பறிக்க எடுக்கும் இரும்புத் தோட்டியும் அலுமினிய ஏணியும் அந்தத் தொலைவை ஒரு நொடியில் இல்லாமலாக்குகின்றன. கட்டடத்தின் மேலே செல்லும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் கூரைக்கும் இடையே 2.5 மீட்டர் இருக்கவேண்டும் என்று இந்திய மின்சார விதிகள் வகுத்ததும் இதற்காகத்தான். 2025 ஜூலையில், அண்டை மாவட்டமான கொல்லத்தின் தேவலக்கரையில், பள்ளியின் சைக்கிள் கொட்டகைக் கூரைமேல் விழுந்த செருப்பை எடுக்க ஏறிய 13 வயது மாணவன், தாழ்வாகச் சென்ற கம்பி பட்டு உயிரிழந்தான்.

கேரள மாநில மின்வாரியம் 1957-இல் அமைந்தது. அதன் தலைமையகம் திருவனந்தபுரத்தின் பட்டத்தில் உள்ளது. ஒரு நூற்றாண்டை நெருங்கும் இந்நகரின் மின்வரலாற்றில் அறிவு குறைவாக இருந்ததில்லை; சட்டமும் இருந்தது. எனினும் ‘ஷாக் அடித்தது’ என்ற சொல் இன்றும் குற்றத்தைக் கம்பியின் மேலேயே சுமத்துகிறது. தேவலக்கரையில் கம்பி தன் இயல்பின்படிதான் நடந்தது. அந்தக் கூரைக்கு மேலே இருந்திருக்க வேண்டிய இடைவெளி மனிதர் அளந்து காத்திருக்க வேண்டியது.