உல்லாசப் பயணச் சபையும் சிறுவிடுதிகளும்: தெஹிவளையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் உல்லாசப் பயணத்துறை பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றிற் பெரும்பாலானவை பெந்தோட்டையையும் சீகிரியாவையும் மையமாகக் கொண்டவை. காலி வீதிவழியே வெள்ளவத்தையைக் கடந்து தெஹிவளைக்குள் நுழைபவர், கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளிற் காணும் ‘லொட்ஜ்’ பெயர்ப்பலகைகளுக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. நான்கு அறை, ஆறு அறை, மாடியில் ஓர் அனெக்ஸ் என்ற அளவிலேயே இயங்கும் இவ்விடுதிகள் அரசின் உல்லாசப் பயண நிறுவனத்துடன் கொண்டிருந்த உறவையும், கொள்ள முடியாதுபோன உறவையும் வர்க்க நிலைநின்று நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

உல்லாசப் பயணத்துறை அரச திட்டமாக உருப்பெற்ற சூழலை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். அறுபதுகளின் நடுப்பகுதியில் தேயிலையின் விலை வீழ்ச்சியும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் ஒருசேர அழுத்தின. தோட்டப் பொருளாதாரத்தை மாற்றியமைக்க விரும்பாத ஆளும் வர்க்கம் அதற்குப் பக்கத்துணையாக மற்றோர் ஏற்றுமதிப் பண்டத்தைத் தேடியது. கடற்கரையும் வெயிலும் அப்பண்டமாயின. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தில் இராஜாங்க அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் பொறுப்பில் 1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. அதே ஆண்டில் ஹோட்டல் கூட்டுத்தாபனமும் தோன்றியது. மறு ஆண்டிலே ஹரிஸ், கேர், ஃபோர்ஸ்ரர் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் பத்தாண்டுத் திட்டமொன்றை வரைந்தளித்தது. 1968ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், காணிகளைச் சுவீகரிப்பதற்கும் சேவைகளைப் பதிவுசெய்து வகைப்படுத்தி அனுமதிப்பத்திரம் வழங்குவதற்கும் வழிசெய்தது. 1966இல் 18,969 ஆக இருந்த பயணிகளின் தொகை 1982இல் 407,230 ஆயிற்று.

இத்தொகையை வெற்றிக் கதையாகவே சொல்வது வழக்கம். அவ்வெற்றி எவ்வகை மூலதனத்தின் வெற்றி என்பதே நமது வினா. வரிவிடுமுறையும் இறக்குமதித் தீர்வைச் சலுகையும் அங்கீகரிக்கப்பட்ட ஹோட்டல்களுக்கு உரியனவாயின. ஐரோப்பிய முகவர் நிறுவனங்கள் விமானச் சீட்டையும் அறையையும் உணவையும் ஒரே பொதியாக விற்றன. அப்பொதியில் இடம்பெறுவதற்கு நூற்றுக்கணக்கான படுக்கைகள் தேவை. நான்கு அறை வைத்திருப்பவர் அதனுள் நுழைவதற்குக் கதவே இருக்கவில்லை.

பதிவு செய்யாதிருப்பது சிறு விடுதியாளரின் அறியாமை என்று அதிகாரிகள் கூறுவதுண்டு. உண்மையில் அது கணக்குப் பார்த்து எடுக்கப்பட்ட முடிவாகும். 2003ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நிதிச் சட்டம், பதிவுபெற்ற நிறுவனங்களின் மொத்த வரவில் நூற்றுக்கு 1 வீதத்தை உல்லாசப் பயண அபிவிருத்தி அறவீடாக விதித்தது. மொத்த வரவின் மீதே அறவீடு, இலாபத்தின் மீதன்று. அத்துடன், சபையிற் பதிந்த விடுதியிடம் உள்ளூராட்சி மன்றம் அறவிடும் அனுமதிக் கட்டணமும் வரவின் வீதமாகவே கணிக்கப்படுகிறது. பதியாத விடுதியோ மாநகரசபைக்கு ஒரு நிலையான தொகையைக் கட்டித் தப்பிக்கொள்கிறது. பதிவதால் உறுதியாகக் கிடைப்பது இரட்டைச் சுமை. விளம்பரம், கண்காட்சி, வெளிநாட்டுப் பிரசாரம் ஆகிய கைம்மாறுகள் தெஹிவளை ஒழுங்கைவரை வந்துசேர்வது அரிது. சிறு விடுதியாளர் கோரும் நியாயமும் இதுவே: அறவிடுவதாயின் அளவறிந்து அறவிடுக, செலவிடுவதாயின் எமக்கும் செலவிடுக.

இதற்கும் மேலாக, கொழும்பின் தமிழ் விடுதிகளுக்கென ஒரு தனி வரலாறு உண்டு. 1983 யூலைக்குப் பின்னரும், குறிப்பாகத் தொண்ணூறுகளிலும், வடக்கிலிருந்து கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் மருத்துவத்துக்கும் வந்தோர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கினர். இவர்களை விருந்தினர் என்பதா, அகதிகள் என்பதா? சபையின் வரைவிலக்கணப்படி இவர்கள் ‘பயணிகள்’ அல்லர். சபையின் புள்ளிவிபரம் எண்ணியது வெளிநாட்டிலிருந்து வருவோரை மட்டுமே. ஆகவே இவ்விடுதிகள் சபையின் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயின் பொலிஸின் கண்ணுக்கு நன்றாகவே புலப்பட்டன. எத்தனை அறை, எத்தகைய குளியலறை என்று ஒரு பதிவேடு கேட்க, யார் வந்தார், எவ்வூரார், எதற்காகத் தங்கியுள்ளார் என்று மற்றொரு பதிவேடு கேட்டது. தமிழ் விடுதிக்காரர் அன்றாடம் நிரப்பியது இரண்டாவது பதிவேட்டையே.

2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் இதன் பொருள் வெளிப்பட்டது. ‘தகுந்த காரணமின்றி’த் தங்கியிருந்தோர் என்ற பெயரில் 376 தமிழர், அவர்களுள் 85 பெண்கள், கொழும்பு விடுதிகளிலிருந்து எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல்செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கா பின்னர் வருத்தம் தெரிவித்தார். அவ்வாண்டில் நாட்டுக்கு வந்த பயணிகள் 494,008 பேர் என்று உத்தியோகபூர்வக் கணக்குச் சொல்கிறது. கனடாக் கடவுச்சீட்டுடன் தாயைப் பார்க்க வந்த மகன் அக்கணக்கில் ஒருவன். யாழ்ப்பாணத்திலிருந்து மகனைப் பார்க்க வந்து, அதே விடுதியின் அடுத்த அறையிலே தங்கிய தாய் அக்கணக்கில் இல்லை. அவள் இருந்தது மற்றைய பதிவேட்டில். உல்லாசப் பயணம் என்ற கருத்தாக்கத்தின் வர்க்க, இனப் பரிமாணங்களை விளக்குவதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை. பிற்காலத்தில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தொடர்மாடி வீடுகள் புலம்பெயர்ந்தோரின் விடுமுறைத் தங்ககங்களாக மாறியமைக்கும் இவ்வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு.

இப்பிரச்சினையைத் தமிழருக்கே உரியதெனச் சுருக்குதல் தவறாகும். 2004 திசெம்பர் 26இன் கடற்கோளின் பின், கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கட்டடம் தவிர்ந்த வலயமாக அறிவிக்கப்பட்டன. மீனவன் தன் குடிசையை மீளக் கட்டலாகாது. ஹோட்டலுக்கோ விலக்கு உண்டு. அறுகம் குடாவில், எழுபதுகளிலிருந்து அலைச்சறுக்குப் பயணிகளை நம்பி முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் நடத்திவந்த கொட்டில் விடுதிகளின் இடத்தில் உயர்தர விடுதி நகரொன்றை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. மூவினத்துச் சிறு விடுதியாளரும் மீனவரும் சேர்ந்து அதனை எதிர்த்தமை, வர்க்க நலன் இனப் பிளவை ஊடறுக்க வல்லது என்பதற்கு இந்நாட்டில் அரிதாகக் கிடைக்கும் உதாரணங்களுள் ஒன்று. கொழும்பிலே அத்தகைய ஒருமைப்பாடு தோன்றவில்லை. தெஹிவளையின் சிங்கள, முஸ்லிம், தமிழ் விடுதியாளர் ஒரே அறவீட்டைப் பற்றித் தனித்தனியே முறைப்பட்டுக்கொண்டனர்.

2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் 2007 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்து, பழைய சபையின் இடத்தில் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையையும் அதன் உடன்பிறப்பு நிறுவனங்களையும் அமைத்தது. பெயர் மாறியது, பொதிக்குள் நுழையும் கதவு பெரிதாகவில்லை. 2019 ஏப்ரல் 21இல் நட்சத்திர ஹோட்டல்களும் தேவாலயங்களும் தாக்கப்பட்ட அதே நாளில், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு அருகிலிருந்த சிறிய விடுதியொன்றிலும் குண்டு வெடித்து இருவர் மாண்டனர். பின்னர் வந்த நிவாரணங்களிற் பிரதானமானது வங்கிக் கடனின் தவணையைப் பிற்போடுவது. நகையை ஈடுவைத்தும் சீட்டுப் பிடித்தும் மைத்துனரிடம் கைமாற்று வாங்கியும் அறை கட்டியவருக்கு அச்சலுகையால் ஆனது என்ன? 2021 யனவரியில் கொள்ளைநோய்க் காலத்தின் பின் நாடு திறக்கப்பட்டபோதும், பயணிகள் முதற்றரச் சுகாதாரச் சான்று பெற்ற ஹோட்டல்களிலேயே தங்கவேண்டும் என்பது விதி. அவ்விதியின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. அந்நிபந்தனைகளை நிறைவேற்றும் செலவை நான்கு அறை விடுதியால் தாங்க முடியாது என்பதையே சுட்டுகிறோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். சிறு விடுதியாளரைப் புனிதப்படுத்தும் மனோபாவம் முற்போக்காளரிடையேயும் உண்டு. அவர் குட்டி முதலாளி. ஒரு கையால் அதிகாரசபையிடம் நியாயம் கேட்பவர், மறு கையால் மலையகத்திலிருந்து வந்த பையனை ஊழியர் சேமலாப நிதியின்றி, விடிகாலை தொடங்கி நள்ளிரவுவரை வேலைவாங்கவும் கூடும். அப்பையன் படிக்கட்டின் கீழே படுத்துறங்குகிறான். இரண்டு பதிவேடுகளிலும் அவன் பெயர் இல்லை. அறவீட்டைக் குறைக்கக் கோரும் மனுக்கள் அவனது சம்பளத்தையும் வேலைநேரத்தையும் பேசத் தொடங்காதவரை, அவை பெரிய முதலாளியிடம் சிறிய முதலாளி கேட்கும் பங்காகவே நின்றுவிடும். அறுகம் குடாவில் விடுதியாளரோடு மீனவரும் நின்றமையாலேயே அக்குரலுக்கு வலுவிருந்தது. தெஹிவளையில் அப்பையன் நிற்கவேண்டிய இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.