தானாக வேலையை விட்டவரும் வேலையின்மை உதவித்தொகையும்

வேலையின்மை உதவித்தொகை என்பது வேலை இழந்த தொழிலாளிக்குக் காப்பீட்டு நிதியிலிருந்தோ அரசு நிதியிலிருந்தோ குறிப்பிட்ட காலம் வரை வழங்கப்படும் பணமாகும். ஆலை மூடப்பட்டதாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தவருக்கு இதைக் கொடுப்பதில் பெரிய கருத்து வேறுபாடு இருந்ததில்லை. தாமாகவே வேலையை விட்டவருக்குக் கொடுக்கலாமா என்பதே இத்திட்டங்கள் தொடங்கிய நாளிலிருந்து சிக்கலான கேள்வியாக இருந்து வருகிறது. பெரும்பாலான நாடுகள் இதற்கு ஒரே வகையான விடையைக் கண்டன: தக்க காரணமின்றி விட்டவருக்கு உதவித்தொகை இல்லை, அல்லது சில வாரங்களுக்கு இல்லை. எது தக்க காரணம், அதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் இவ்விதியின் வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது.

பிரிட்டனில் தொடக்கம்

நாடு தழுவிய கட்டாய வேலையின்மைக் காப்பீட்டை முதலில் கொண்டுவந்த நாடு பிரிட்டன். அதற்கு முன் தொழிற்சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்கு இவ்வகை உதவியை வழங்கி வந்தன. பெல்ஜியத்தின் கென்ட் நகராட்சி 1901இல் அத்தகைய சங்க நிதிகளுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. பிரிட்டனில் 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில், இரும்பு வார்ப்பு, வண்டி கட்டுதல், மர அறுவை முதலிய சில தொழில்களில் இருந்த ஏறக்குறைய 22 லட்சம் தொழிலாளர்களைக் காப்பீட்டிற்குள் கொண்டுவந்தது. தொழிலாளி வாரம் இரண்டரைப் பென்னி, முதலாளி இரண்டரைப் பென்னி செலுத்த, அவ்விரண்டின் கூட்டுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கை அரசு சேர்த்தது. வேலை இழந்தால் வாரம் 7 ஷில்லிங் வீதம், ஓராண்டில் அதிகபட்சம் 15 வாரங்களுக்குக் கிடைத்தது. உதவித்தொகை 1913 சனவரியில் வழங்கத் தொடங்கியது.

தவறான நடத்தையால் வேலை இழந்தவர், தக்க காரணமின்றித் தாமாக வேலையை விட்டவர் ஆகிய இருவருக்கும் 6 வாரங்களுக்கு உதவித்தொகை இல்லை என்று அச்சட்டம் கூறியது. இத்தகைய தகுதியிழப்பு தேவையா என்பது பற்றி அரசுக்குள்ளேயே விவாதம் நடந்தது. வர்த்தக வாரியத்தின் தலைவராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 1909இல் எழுதிய குறிப்பொன்றில், ஒழுக்கத்தையும் கணக்கையும் ஒன்றோடொன்று கலப்பது தமக்கு உடன்பாடில்லை என்ற கருத்தைத் தெரிவித்தார். சந்தா கட்டியவனுக்கு அவன் எப்படி வேலை இழந்தாலும் பணம் கிடைக்க வேண்டும் என்பதும், கட்டிய சந்தாவுக்கு ஏற்ற வாரங்களுக்கு மேல் பெற முடியாது என்ற வரம்பே நிதியைக் காக்கப் போதும் என்பதும் அவரது வாதம். அதிகாரிகளின் கருத்து வேறாக இருந்தது. தீ விபத்துக் காப்பீட்டில் தம் வீட்டுக்குத் தாமே தீ வைத்தவருக்கு இழப்பீடு கிடையாது; அதுபோலத் தாமே உண்டாக்கிக்கொண்ட வேலையின்மைக்கும் கிடையாது என்பதே அவர்கள் பக்க நியாயம். இறுதியில் அதுவே சட்டத்தில் இடம்பெற்றது.

யார் தீர்ப்பது?

தகுதியைத் தீர்மானிக்கச் சட்டம் மூன்று படிகளை அமைத்தது. முதலில் காப்பீட்டு அதிகாரி முடிவெடுப்பார். அதை ஏற்காதவர், முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர், பொதுவான தலைவர் ஒருவர் ஆகியோர் அடங்கிய நடுவர் குழுவிடம் செல்லலாம். அதற்கும் மேலே தலைமை நடுவர் இருந்தார். தக்க காரணம் எது என்று சட்டம் பட்டியலிடவில்லை. ஆகவே அச்சொல்லின் பொருள், இந்த நடுவர்களின் தீர்ப்புகள் வழியாக வழக்குக்கு வழக்காக உருவானது.

இந்த முறை 1920இல் மிகப் பெரிதாக விரிந்தது. வேளாண்மை, வீட்டு வேலை போன்றவை நீங்கலாக, ஏறக்குறைய எல்லா உடலுழைப்புத் தொழிலாளர்களும் காப்பீட்டிற்குள் வந்தனர். அடுத்து வந்த நெடிய வேலையின்மைக் காலத்தில், தாம் உண்மையாகவே வேலை தேடுவதாக விண்ணப்பதாரர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி 1921இல் சேர்க்கப்பட்டது. வேலையே இல்லாத ஊர்களில் நாள்தோறும் ஆலை வாசல்களுக்கு நடந்து சான்று திரட்ட வேண்டியிருந்ததால் இது கடும் வெறுப்பைச் சம்பாதித்தது, 1930இல் நீக்கப்பட்டது. தானாக விட்டவருக்கான 6 வார விதியோ அப்படியே தொடர்ந்தது. 1946ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டமும் அதை வைத்துக்கொண்டது.

1982இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு வந்த வழக்கு ஒன்று இவ்விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதைக் காட்டியது. ஆசிரியர்களைக் குறைப்பதற்காகக் கல்வித்துறை ஊக்குவித்த திட்டத்தின்படி, 61 வயதுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். இதனால் இளையவர்களுக்கு இடம் கிடைத்தது; நிர்வாகத்திற்கும் செலவு குறைந்தது. ஆனால் அவர் தாமாகவே விட்டவர் என்றும், பிறர் கட்டும் சந்தாவால் ஆன நிதியின் மீது தம் பாரத்தை ஏற்றுவதற்கு இது தக்க காரணம் ஆகாது என்றும் நீதிமன்றம் கூறியது. விட்டது நியாயமான செயலா என்பது மட்டும் கேள்வியன்று. பொது நிதியிடமிருந்து பணம் கேட்பது நியாயமா என்பதே கேள்வி என்று இதன்மூலம் உறுதியாயிற்று.

1986இல் 6 வாரம் என்ற உச்சவரம்பு 13 வாரமாகவும், 1988இல் 26 வாரமாகவும் உயர்த்தப்பட்டது. ஏழு பத்தாண்டுகளுக்கு மேலாக மாறாதிருந்த விதி இரண்டே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேல் கடுமையானது.

அமெரிக்காவில்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1932இல் முதல் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் மற்ற மாநிலங்களும் பின்பற்றின. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதியை வைத்துக்கொண்டது. சில மாநிலங்கள் குடும்பக் காரணங்களையும் ஏற்றன. பல மாநிலங்கள், வேலையை விட்ட காரணம் வேலையோடோ முதலாளியோடோ தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்றன. சம்பளம் தராமை, பாதுகாப்பற்ற சூழல் போன்றவை அதில் அடங்கும். நோயுற்ற தாயைக் கவனிக்க ஊர் திரும்புவது அடங்காது.

இங்கே நிதி திரட்டும் முறையும் விதியைக் கடுமையாக்கியது. அமெரிக்காவில் வரியைப் பெரும்பாலும் முதலாளியே செலுத்துகிறார். தம்மிடமிருந்து சென்றவர்கள் எவ்வளவு அதிகமாக உதவித்தொகை பெறுகிறார்களோ, அவ்வளவுக்கு அவரது வரி விகிதம் உயரும். ஆகவே விண்ணப்பத்தை எதிர்ப்பதில் முதலாளிக்கு நேரடி ஆதாயம் உண்டு. தொடக்கத்தில் பல மாநிலங்களில் சில வாரத் தாமதமாக மட்டும் இருந்த தண்டனை, காலப்போக்கில், மீண்டும் வேலைக்குச் சென்று குறிப்பிட்ட தொகை சம்பாதிக்கும் வரை எதுவும் இல்லை என்ற அளவுக்கு வளர்ந்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்

மனச்சான்று தொடர்பான வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டது. தென் கரோலினாவில் துணி ஆலைத் தொழிலாளியான ஒரு பெண், தம் சமயப்படி சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் அன்று வேலை செய்ய மறுத்து நீக்கப்பட்டார். அவருக்கு உதவித்தொகை மறுத்தது செல்லாது என்று 1963இல் தீர்ப்பளிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை வழிபடுவோருக்கு அம்மாநிலச் சட்டம் ஏற்கெனவே பாதுகாப்பு அளித்திருந்ததையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

1981இல் வந்த இந்தியானா மாநில வழக்கு, தானாக வேலையை விட்டவரையே பற்றியது. எஃகு ஆலைத் தொழிலாளி ஒருவர் பீரங்கி வண்டிகளுக்கான உறுப்புகளைச் செய்யும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஆயுத உற்பத்தி தம் சமய நம்பிக்கைக்கு மாறானது என்று வேலையை விட்டார். அதே சமயத்தைச் சேர்ந்த உடன் தொழிலாளி அவ்வேலையைத் தவறாகக் கருதவில்லை. ஆயினும், சமய நூலுக்கு யார் கூறும் பொருள் சரி என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலையன்று என்று கூறி, அவருக்கு உதவித்தொகை வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

கருவுற்ற பெண்களுக்கு அத்தகைய வெற்றி கிட்டவில்லை. மிசௌரி மாநிலப் பெண் ஒருவர் மகப்பேற்று விடுப்பில் சென்று திரும்பியபோது வேலை இல்லை என்று கூறப்பட்டது. வேலையோடு தொடர்பில்லாத காரணத்துக்காக விட்டவர் என்று மாநிலம் உதவித்தொகையை மறுத்தது. வேலையோடு தொடர்பில்லாத எல்லாக் காரணங்களையும் ஒரே மாதிரி நடத்தும்வரை இது கூட்டாட்சிச் சட்டத்தை மீறியதாகாது என 1987இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. பின்னர் 2009இன் பொருளாதார மீட்புச் சட்டம், குடும்ப வன்முறை, குடும்பத்தினரின் நோய், துணைவரின் இடமாற்றம் ஆகியவற்றைத் தக்க காரணமாக ஏற்கும் மாநிலங்களுக்கு ஊக்க நிதி அளித்தது.

பிற நாடுகளும் இந்தியாவும்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு 102ஆம் உடன்படிக்கை, தக்க காரணமின்றித் தாமாக வேலையை விட்டவருக்கு உதவித்தொகையை நிறுத்திவைக்க நாடுகளை அனுமதிக்கிறது. செருமனியில் இத்தடைக்காலம் பொதுவாக 12 வாரமாகும். பிரான்சு 2019 நவம்பர் முதல், போதிய காலம் பணியாற்றியவர் முறையான தொழில்மாற்றத் திட்டத்தோடு விலகினால் உதவித்தொகை பெற வழி செய்தது.

இந்தியாவில் ஊழியர் அரசுக் காப்பீட்டுக் கழகம் 2005இல் ராஜீவ் காந்தி பெயரிலான திட்டத்தையும், 2018இல் அடல் பெயரிலான திட்டத்தையும் தொடங்கியது. முதலாவது, ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர உடல் இயலாமை ஆகியவற்றால் வேலை இழந்தோருக்கானது. இரண்டாவது திட்டத்தில், தவறான நடத்தைக்குத் தண்டனையாக நீக்கப்பட்டவர்களும், வயது முதிர்ந்தோ விருப்பத்தின் பேரிலோ ஓய்வு பெற்றவர்களும் தகுதி பெறுவதில்லை.

விதியின் விளைவு

பொது நிதியைக் காப்பது இவ்விதியின் நோக்கம். ஆனால் அதன் சுமை சேமிப்பு இல்லாதவர் மீதே அதிகம் விழுகிறது. வேலையிடத்தில் துன்புறுத்தலைச் சந்திக்கும் தொழிலாளி, உடனே வெளியேறினால் பல வாரங்கள் வருமானமின்றி இருக்க நேரும். வெளியேறாவிட்டால் துன்பத்தைத் தாங்க வேண்டும். வெளியேறியபின் தக்க காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் அவருடையதே. சாட்சியும் எழுத்துச் சான்றும் இல்லாதவரின் உண்மையான காரணம்கூட ஏற்கப்படாமல் போகலாம். இதனால்தான் மேல்முறையீட்டு உரிமையும், அதில் தொழிலாளர் தரப்பின் குரலுக்கு இடம் தரும் நடுவர் குழு போன்ற அமைப்பும் 1911ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இடம்பெற்றன. தகுதி விதி எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவற்றின் தேவையும் கூடுகிறது.