மணமும் சமய எல்லையும்

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரரின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அக்கற்களின் முன் நிற்குந்தோறும் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு: கடல் கடந்து வந்து, 1613இல் இங்குக் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டிய சிறு கூட்டத்தார், அயல் மண்ணில் தம் சமயத்தை எங்ஙனம் காத்தனர்? வினா புதிதன்று; ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எருசலேமில் அஃது எழுந்தது.

கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்து, அதன் மக்களில் பலரைச் சிறைகொண்டு சென்றனர். கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனை வென்றபின், அவர் வழியினருள் ஒரு சாரார் தாயகம் மீண்டனர். அரசு இல்லை, மன்னன் இல்லை. எஞ்சியவை கோயிலும் திருச்சட்டமுமே. அந்நிலையில், பலர் அயற்குலப் பெண்டிரை மணந்திருத்தலை அறிந்த எஸ்றா மனம் வருந்தினார். மாரிக்காலத்து அடைமழையில் மக்கள் கோயில் முன்றிலில் நடுங்கியவாறு கூடினர் என்றும், அம்மனைவியரை அனுப்பிவிட உடன்பட்டனர் என்றும் அவர் பெயரால் வழங்கும் நூல் கூறுகின்றது. பிள்ளைகள் தம் தாய்மொழியை மறந்து அஸ்தோத்தியரின் மொழி பேசியதற்காக நெகேமியாவும் சினந்தார்.

கரைந்து போவோமோ என்னும் அச்சமே இக்கடுமைக்கு வேர். ஆயினும் யூதர் அனைவரும் ஒருபடித்தாக எண்ணவில்லை. மோவாபியப் பெண்ணாகிய ரூத்தே தாவீது மன்னனின் முப்பாட்டி என்று விவிலியமே பெருமையுடன் உரைக்கின்றது. எகிப்தின் எலிபன்டைன் தீவில் வாழ்ந்த யூதருள், கோயிற் பணியாளனாகிய அனனியா என்பான் தாமெத் என்னும் எகிப்திய அடிமைப் பெண்ணை மணந்தான். கி.மு. 449இல் எழுதப்பெற்ற அம்மண ஒப்பந்தம் இன்றும் உள்ளது.

இனி நம் கடற்கரைக்கு மீள்வோம். ஐரோப்பியர் வேறு வழி கண்டனர். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியத் தலைவர் அல்புகர்க், தம் வீரர் உள்நாட்டுப் பெண்டிரை மணப்பதை ஊக்கினார். அப்பெண்டிர் கிறித்தவராதல் வேண்டும். டச்சுக் கம்பெனியின் ஆட்சியிலும் கிறித்தவனை மணப்பவள் ஞானஸ்நானம் பெற்றிருத்தல் வேண்டும். ஆங்கிலக் கம்பெனியின் இயக்குநர்களோ 1687இல் சென்னைக்கு எழுதிய மடலில், படைவீரரை மணந்த உள்நாட்டுப் பெண்ணின் குழந்தை ஞானஸ்நானம் பெறும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் அளிக்குமாறு பணித்தனர்.

எருசலேமில் வேலி கட்டினர். இங்கே வாயில் அமைத்தனர். வலியிழந்த குடி வேலியை நாடிற்று. வலிமிக்க கம்பெனி வாயிலைத் திறந்தது. ஆனால் இரண்டிலும் விலை கொடுத்தவள் பெண்ணே. அங்கே அவள் இல்லத்தை இழந்தாள். இங்கே பிறந்த சமயத்தையும், பெரும்பாலும் பெற்றோர் இட்ட பெயரையும் இழந்தாள்.

மாணவ நண்பர்களே, எஸ்றாவின் நூல் அயல்மணம் புரிந்த ஆடவர் நூற்றுவர்க்கு மேற்பட்டோரைப் பெயர் சுட்டி உரைக்கின்றது. அவர்தம் மனைவியருள் ஒருத்தியின் பெயரும் அங்கில்லை. ஓர் எகிப்திய அடிமைப் பெண்ணின் பெயரையோ ஒரு பழந்தாள் காத்து வைத்துள்ளது. வரலாற்றேட்டில் ஒரு பட்டியலைக் காணும்போது, அதில் உள்ளவர் யாவர் என்று மட்டும் கேளாதீர்கள். இல்லாதவர் யாவர் என்றும் கேளுங்கள்.