இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசர் நியமனம்

இலங்கையில் நாட்டின் தலைமை நீதிமன்றம் உயர் நீதிமன்றம் எனப்படும். தமிழ்நாட்டார் உச்ச நீதிமன்றம் என்பது இதையே; அவர்களுடைய உயர் நீதிமன்றத்துக்கு நிகராகப் பெயரளவில் இங்குள்ளது மேல் நீதிமன்றம். கொழும்பு புதுக்கடையில் அமைந்த உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசரையும் ஏனைய நீதியரசர்களையும் அரசியலமைப்பின் 107ஆம் உறுப்புரையின்படி ஜனாதிபதி தமது கையொப்பமிட்ட ஆணைப்பத்திரத்தால் நியமிக்கிறார். ஜனாதிபதி முன்மொழியும் பெயரை அரசியலமைப்புப் பேரவை முதலில் அங்கீகரிக்க வேண்டும். பிரதம நீதியரசர் தவிர்ந்த நீதியரசர்கள் விடயத்தில் பேரவை பிரதம நீதியரசரின் கருத்தையும் கேட்டறியும். பதினான்கு நாளுக்கு மேற்படாத பதில் நியமனத்துக்கு இந்த அங்கீகாரம் தேவையில்லை. ஓய்வு வயது 65.

யார் நீதியரசராகலாம் என்பதற்கு அரசியலமைப்பு எந்தத் தகைமையையும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு தொழில், இன்ன பதவி என்ற வரையறை எதுவும் கிடையாது. ஆகவே கீழ் நீதிமன்றங்களில் படிப்படியாக ஏறியவரும், சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து வந்தவரும், தனியார் சட்டத்தரணியும், பல்கலைக்கழக ஆசிரியரும் ஒரே ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார்கள். நெவில் சமரக்கோன் 1977இல் தனியார் சட்டத்தொழிலிலிருந்து நேரே பிரதம நீதியரசரானார். ஷிராணி பண்டாரநாயக்க 1996இல் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்திலிருந்து வந்தார். சட்டமா அதிபராயிருந்த சரத் என். சில்வா 1999இல், மூத்தவரான மார்க் பெர்னாண்டோவைத் தாண்டிப் பிரதம நீதியரசராக்கப்பட்டார். மூப்பு முறை வழக்கம்தானே தவிரச் சட்டமல்ல.

வரலாறு

இந்நீதிமன்றம் 1801இல் பிரித்தானிய அரச சாசனத்தால் நிறுவப்பட்டது. 1833ஆம் ஆண்டின் சாசனம் ஒரு பிரதம நீதியரசரையும் இரண்டு துணை நீதியரசர்களையும் கொண்டதாக அதை வகுத்தது. அன்றைய நீதியரசர்களை யாழ்ப்பாணத்தார் நேரில் கண்டிருக்கிறார்கள்: பாரிய குற்ற வழக்குகளை யூரிமாருடன் விசாரிக்க நீதியரசர் ஒருவர் சுற்றில் வந்து அமர்வார். 1974இல் மேல் நீதிமன்றங்கள் தொடங்கப்பட்டதும் அந்த வழக்கம் நின்றது; குடாநாட்டுக்கு உயர் நீதிமன்றம் முழுக்கக் கொழும்பு விடயமாயிற்று. சோல்பரி அரசியலமைப்பில் நியமன அதிகாரம் மகாதேசாதிபதியிடமும், 1972 முதல் ஜனாதிபதியிடமும் இருந்தது. 1978இன் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்றே இருந்த நீதியரசர்கள் எல்லோரும் பதவி இழந்தனர். சிலருக்கு மீள் நியமனம் கிடைக்கவில்லை.

பேரவை

2001இன் 17ஆவது திருத்தம்தான் அரசியலமைப்புப் பேரவையை அமைத்து ஜனாதிபதியின் கைக்கு முதற்கடிவாளம் போட்டது. 2010இல் 18ஆவது திருத்தம் அதைக் கழற்றி, கருத்துச் சொல்ல மட்டும் உரிமையுள்ள ஐவர் கொண்ட பாராளுமன்றப் பேரவையை வைத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் பழைய பேரவையை மீட்டது. 2020இல் 20ஆவது திருத்தம் மறுபடி பாராளுமன்றப் பேரவைக்குத் திரும்பியது. பிரதம நீதியரசருடன் பத்துக்கு மேற்படாதிருந்த ஏனைய நீதியரசர் தொகையைப் பதினாறாக உயர்த்தியதும் அதுவே. 2022இன் 21ஆவது திருத்தத்தால் அரசியலமைப்புப் பேரவை மீண்டும் வந்தது. பத்து உறுப்பினரில் எழுவர் பாராளுமன்ற உறுப்பினர், மூவர் வெளியார். சபாநாயகர் தலைமை வகிப்பார். எதிர்க்கட்சித் தலைவர் பதவிவழி உறுப்பினர் என்பதால் இரா. சம்பந்தன் 2015 முதல் 2018 வரை அதில் அமர்ந்தார். ஒவ்வொரு அரசாங்கமும் தன் வசதிப்படி இந்தக் கதவைத் திறந்தும் சாத்தியும் வந்திருக்கிறது என்பதே இந்த இருபதாண்டுக் கதை.

வடமாகாணமும் ஒரு பதவி நீக்கமும்

நியமனத்தைவிட நீக்கமே இந்த முறையின் பலவீனத்தைத் தெளிவாகக் காட்டியது. 2012இல் வறுமை ஒழிப்புக்கான திவிநெகும சட்டமூலத்தை மாகாண சபைகளின் சம்மதமின்றி நிறைவேற்ற முடியாது எனப் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க தலைமையிலான அமர்வு தீர்மானித்தது. வடக்கில் அப்போது தெரிவான சபையே இல்லை. ஆளுநர் கொடுத்த சம்மதத்தை எதிர்த்துப் பாராளுமன்ற உறுப்பினர் மாவை சேனாதிராஜா நீதிமன்றம் சென்றார். சபையின் இடத்தில் ஆளுநர் நின்று சம்மதம் தர முடியாதென நீதிமன்றம் கூறியது. 2012 நவம்பர் 1 அன்று ஷிராணிக்கு எதிராக 117 உறுப்பினர் ஒப்பமிட்ட குற்றப் பிரேரணை சபாநாயகரிடம் போயிற்று. 75 ஒப்பமே போதுமானது. அதை ஆராய்ந்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு விசாரிக்கும் அதிகாரமில்லை என உயர் நீதிமன்றமும், அதன் அறிக்கை செல்லாது என மேன்முறையீட்டு நீதிமன்றமும் கூறியபின்பும் 2013 ஜனவரி 11 அன்று பாராளுமன்றம் அவரை நீக்க 155க்கு 49 என வாக்களித்தது. மொஹான் பீரிஸ் பிரதம நீதியரசராகப் பதவியேற்றார்.

2015இல் ஆட்சி மாறியதும், சட்டப்படி வெற்றிடமே ஏற்படவில்லை என்ற காரணத்தால் பீரிஸின் நியமனம் தொடக்கத்திலிருந்தே செல்லாததாகக் கொள்ளப்பட்டது. ஷிராணி ஜனவரி 28 அன்று மீண்டு, மறுநாள் ஓய்வு பெற்றார். ஜனவரி 30 அன்று பதவியேற்றவர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி மாணவரான க. ஸ்ரீபவன். 1978இல் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சேர்ந்து, 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், 2007இல் அதன் தலைவர், 2008இல் உயர் நீதிமன்றம் என ஏறியவர். சு. சர்வானந்தா (1984–1988), 1991இல் சிறிது காலம் இருந்த ஹேர்பேர்ட் தம்பையா ஆகியோருக்குப் பின் அப்பதவிக்கு வந்த தமிழர். அவரை நியமித்தபோது நடைமுறையிலிருந்தது 18ஆவது திருத்தம். ஜனாதிபதியைத் தடுக்க எந்தப் பேரவைக்கும் அதிகாரமில்லாத காலம். அந்நியமனத்தில் மூப்பு மதிக்கப்பட்டது உண்மை. ஆனால் மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை.

ஏணிப்படி

கீழிருந்து வருவோருக்கு வழி நீளமானது. நீதவான்களும் மாவட்ட நீதிபதிகளும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கீழ் வருவர். பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும் அதன் உறுப்பினர்கள். மேல் நீதிமன்ற நீதிபதிகளை அந்த ஆணைக்குழுவின் விதந்துரைப்பில் ஜனாதிபதி நியமிப்பார். இப்படி வந்தவர் க.வி. விக்னேஸ்வரன்: 1979இல் நீதவான், 1988இல் மேல் நீதிமன்றம், 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், 2001இல் உயர் நீதிமன்றம், 2004இல் ஓய்வு. திவிநெகும வழக்கின்போது இல்லாதிருந்த வடமாகாண சபை 2013இல் தெரிவானபோது அதன் முதல் முதலமைச்சரும் அவரே.

எல்லோருக்கும் காலம் இடம் கொடுப்பதில்லை. மேல் நீதிமன்ற நீதிபதி 61 வயதிலும் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி 63 வயதிலும் ஓய்வு பெற வேண்டும். அதற்குள் அடுத்த படி கிடைத்தால்தான் சேவை நீளும். புங்குடுதீவு மாணவி கொலை வழக்கை 2017இல் யாழ்ப்பாணத்தில் விசாரித்த மூவர் அமர்வுக்குத் தலைமை தாங்கிய பாலேந்திரன் சசிமகேந்திரன் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். அதே அமர்வில் இருந்த மாணிக்கவாசகர் இளஞ்செழியன் அந்தப் படியை எட்டாமலே 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.