மணிமுத்தாற்றில் போட்டதும் பென் டிரைவில் போட்டதும்

விருத்தாசலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். சுந்தரமூர்த்தி நாயனார் நம் ஊர் பழமலைநாதரைப் பாடி 12,000 பொன் பெற்றார். காட்டு வழியில் அவ்வளவு பொன்னைத் தூக்கிக்கொண்டு போவது எப்படி? "மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்" என்றார் இறைவன். அப்படியே போட்டு, கமலாலயத்தில் எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

கதையில் பலரும் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. சுந்தரர் பொன்னை ஆற்றில் போடும் முன்பு அதிலிருந்து சிறு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். அதற்கு மச்சம் என்று பெயர். திருவாரூரில் எடுத்த பொன்னை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவாக இருந்ததாம். மறுபடியும் பாடிய பிறகுதான் மாற்றுச் சரியாக வந்தது. கமலாலயக் கரையில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் இருக்கிறார்.

போன மாதம் என் வீட்டுப் பாட்டுப்பெட்டியோடு மல்லுக்கட்டியபோது இந்த மச்சம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பாட்டுப்பெட்டி என்று நான் சொல்வது 2009இல் வாங்கிய பழைய கம்ப்யூட்டர். தூக்கிப்போட மனமில்லாமல் அதில் பாட்டுகளைச் சேர்த்து வைத்து, கூடத்திலும் அடுப்படியிலும் கேட்கிற மாதிரி செய்திருந்தேன். மியூசிக் சர்வர் என்பான் என் பையன். நான் பணியிலிருந்த காலத்தில் வாங்கிய கேசட்டுகள் எல்லாம் அதற்குள் ஏறிவிட்டன. அதோடு 1984இல் டேப் ரிக்கார்டரில் எடுத்த என் அம்மாவின் தாலாட்டும். அந்தக் கேசட்டில் பூஞ்சை பிடித்து நாடா அறுந்துபோயிற்று. கம்ப்யூட்டரில் இருப்பது மட்டும்தான் மிச்சம்.

பெட்டி அடிக்கடி நின்று போனது. பாட்டுக்கென்றே இலவசமாகக் கிடைக்கும் வேறு இயங்குதளத்தைப் பென் டிரைவ் வழியாகப் போடச் சொன்னான் பையன். கோப்பை இறக்கினேன், பென் டிரைவில் காப்பி செய்தேன், செருகினேன். கறுப்புத் திரை. இயங்குதளம் இல்லை என்று ஒரே ஒரு வரி.

"அப்பா, கோப்பைக் காப்பி பண்ணினா போதாது, அதை எழுதணும்" என்றான் போனில். எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளப் பழைய கதைக்குள் போக வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டரை முடுக்கியதும் அதன் நினைவகம் காலியாக இருக்கும். நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். அதை ஏற்ற? கோழியா முட்டையா கதைதான். நம் ஊர்ச் சூளைக்காரர்களுக்கு இது புரியும். எடுத்த எடுப்பில் பெருங்கட்டை தீப்பிடிக்காது. சுள்ளியில் தொடங்கித்தான் கட்டைக்குப் போக வேண்டும். 1970களில்கூட சில கம்ப்யூட்டர்களில் அந்தச் சுள்ளி மனிதனின் விரல்தான். முகப்பில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளைத் தட்டித் தட்டி முதல் கட்டளைகளைக் கையால் கொடுப்பார்கள்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் பிசியைக் கொண்டுவந்தது. அதில் சுள்ளிக்குப் பதில் பயாஸ் என்ற சிறு நிரலைச் சில்லிலேயே பதித்திருந்தார்கள். பயாஸ் செய்யும் வேலை எளிது. வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். பிற்பாடு ஹார்ட் டிஸ்க் வந்தபோது, அந்த 512இல் கடைசி இரண்டு பைட்டில் ஒரு முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்தது. இருந்தால் வேலையை அதனிடம் ஒப்படைக்கும். இல்லையென்றால் கையை விரித்துவிடும். நான் காப்பி செய்த கோப்பு பென் டிரைவுக்குள் எங்கோ ஒரு மூலையில் சும்மா கிடந்தது. முதல் 512 பைட்டில் ஒன்றும் இல்லை. வாசலில் பெயர்ப்பலகை இல்லாத வீடு.

பிளாப்பியில் தொடங்கிய வழக்கம் 1995இல் சிடிக்கு வந்தது. அதற்கான விதிமுறைக்கு எல் டோரிட்டோ என்று பெயர். அமெரிக்காவில் அதைப் பேசி முடித்த உணவகத்தின் பெயராம். யூஎஸ்பி முதல் விதிமுறை 1996இல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் நம் நாட்டு அஜய் பட் முக்கியமானவர். 2000இல் பென் டிரைவ் விற்பனைக்கு வந்தது. அப்போது ஐபிஎம் விற்றதில் கொள்ளளவு வெறும் 8 எம்பி. இன்றைய கணக்கில் இரண்டு பாட்டு பிடிக்கும்.

சரி, கோப்பை முறைப்படி எழுதினேன். மறுபடியும் கறுப்புத் திரை. பயாஸுக்குள் போய், முதலில் யூஎஸ்பியைப் பார் என்று வரிசையை மாற்றினேன். அப்போதும் அசையவில்லை.

இங்கே இரண்டாவது கதை. 1990களின் கடைசியில் இன்டெல் தன் இட்டானியம் கம்ப்யூட்டர்களுக்காகப் புது முறை ஒன்றை வகுத்தது. 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்து அதை யூஇஎஃப்ஐ என்று பொதுவாக்கின. புது முறை முதல் 512 பைட்டைத் தேடாது. வட்டில் குறிப்பிட்ட கோப்புறைக்குள் இருக்கும் கோப்பைத் தேடும். நான் பென் டிரைவைப் புது முறைக்கு எழுதியிருந்தேன். என் பெட்டிக்குத் தெரிந்தது பழைய முறை மட்டுமே. எழுதும் நிரலில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து மறுபடி எழுதினேன். திரையில் பட்டியல் வந்தது! வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த திரையில், இந்த வட்டில் உள்ள எல்லாம் அழிக்கப்படும், தொடரலாமா என்று கேட்டது. விரல் பொத்தான் மேல் இருந்தது. பையன் போனிலேயே இருந்தான்.

"அப்பா, நிறுத்துங்க. இறக்கின கோப்பைச் சரிபார்த்தீங்களா? பாட்டையெல்லாம் வேற இடத்தில எடுத்து வெச்சீங்களா?"

எடுத்து வைத்திருந்தேன், இன்னொரு பென் டிரைவில். சரிபார்க்கவில்லை.

மச்சம் இங்கேதான் வருகிறது. எந்தக் கோப்பையும் ஒரு கணக்குக்குள் விட்டால் 64 எழுத்து கொண்ட ஓர் அடையாளம் கிடைக்கும். எஸ்எச்ஏ-256 என்று பெயர், 2001இல் அமெரிக்க அரசின் தர நிறுவனம் வெளியிட்டது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் மாறிவிடும். கோப்பைத் தருகிறவர்கள் அதன் அடையாளத்தையும் கூடவே போட்டிருப்பார்கள். இறக்கியதை மடிக்கணினியில் உரைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. பாதியில் இணையம் அறுந்த அன்று இறக்கியது. அதை நம்பிப் பொத்தானை அழுத்தியிருந்தால் பழையதும் போயிருக்கும், புதியதும் வந்திருக்காது.

பிறகு பெட்டியைப் பழையபடி முடுக்கி, பாட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இரவு பதினொன்றாகிவிட்டது. எல்லாம் பொருந்தின, ஒன்றைத் தவிர. அம்மாவின் தாலாட்டு. கடைசியாக அதைக் காப்பி செய்தபோது, முடிவதற்குள் அவசரப்பட்டுப் பென் டிரைவைப் பிடுங்கியிருக்கிறேன் போலும். பெயர் இருந்தது, உள்ளே பாதிப் பாட்டுத்தான் இருந்தது.

மறுபடி காப்பி செய்து, உரைத்து, பொருந்திய பிறகே தூங்கப் போனேன். மறுநாள் கோப்பைப் புதிதாக இறக்கிச் சரிபார்த்துப் போட்டதில் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இப்போது பெட்டி நன்றாகப் பாடுகிறது.

என் வயதுக்காரர்கள் பலர் பழைய கேசட்டையும் போட்டோவையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருப்பீர்கள். பெயரைப் பார்த்து வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். பழையதை அழிக்கும் முன்பு புதியதை ஒரு முறை கடைசிவரை ஓடவிட்டுக் கேளுங்கள். இறைவனே கொடுத்த பொன்னைச் சுந்தரர் உரைத்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார். நமக்கென்ன?