கண்ணே ஆசானாக: இரவிவர்மா மனித உருவம் பயின்ற வரலாறு

ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ எனக் குறிக்கும் மதுரைக்காஞ்சி. காண்போர் கண்ணில் தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அதற்கு உரைகாரர் தரும் விளக்கம். அத்தொழிலின் நுட்பங்களைத் தம் கண்ணையே ஆசானாகக் கொண்டு பயில நேர்ந்தவர் இராஜா இரவிவர்மா (1848–1906).

கிளிமானூரில் பிறந்த அவர் சிறுவயதில் கரித்துண்டால் சுவரில் உருவங்கள் தீட்டினார். மாமன் இராஜராஜவர்மா தஞ்சாவூர்ப் பாணியில் வல்லவர். மருகனுக்கு முதற்பாடம் அவரே தந்தார். நம் சிற்ப மரபில் உடலுக்கு அளவு முன்னரே வகுக்கப்பட்டது. முகத்தின் நீளம் ஒரு தாலம். தெய்வத் திருமேனிக்குரிய உத்தம தசதாலம் 124 அங்குலம். ஐரோப்பிய ஓவியமோ எதிரே இருக்கும் ஆளின் உடலில் ஒளியும் நிழலும் விழும் முறையைக் கண்டு தீட்டுவது. மெல்ல உலரும் எண்ணெய் வண்ணம் அதற்குத் துணை.

1862இல், தம் 14ஆம் அகவையில், இரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தார். ஆயில்யம் திருநாள் மன்னர் ஆதரித்தார். ஆயினும் எண்ணெய் வண்ண நுட்பம் எளிதிற் கிட்டவில்லை. அரண்மனை ஓவியரான மதுரை இராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுத்தார். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்பர். 1868இல் அரச குடும்பத்தினரை வரைய வந்த ஐரோப்பியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்க உடன்படவில்லை. தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். பார்த்ததைத் தனியே வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்ததே இளைஞருக்குப் பள்ளியாயிற்று. 1873இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றது.

அப்பயிற்சியின் குறையும் மறைக்கத்தக்கதன்று. அவர் வரைந்த புராண மாந்தர் நாடக மேடையில் நிற்பவர் போல் உளர் என்று ஆனந்த குமாரசுவாமி முதலியோர் குறைகூறினர். ஆயினும் 1894இல் அவர் நிறுவிய அச்சகத்தின் வழியே அவ்வுருவங்கள் எளியோர் இல்லங்களையும் அடைந்தன.

‘தாமே கற்றவர்’ என்னும் புகழ்மொழி இரண்டு உண்மைகளை மறைக்கின்றது. ஒன்று, இருளில் வந்து கற்பித்த ஆறுமுகம் பிள்ளையின் பங்கு. மற்றொன்று, அரண்மனைக் கதவு திறந்திருந்த பேறு. ஏகலைவன் வேடர் மகன். அவனுக்கு அக்கதவு திறக்கவில்லை. கட்டைவிரலையும் அவன் இழந்தான். அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ள சென்னையும் கும்பகோணமும் கரியாலூர் மலைச்சிறுவனுக்கு இன்றும் தொலைவே. அவன் கை தானே வரையும். அருகிருந்து பார்க்க இடமளிப்பார் ஒருவர் வேண்டும். கவிதைக்கும் இது பொருந்தும். பத்தாண்டு நிறைவுறும் இலக்கிய வட்டம் ஒன்று தன்னையே வினவிக்கொள்ளத்தக்க கேள்வி இது: நாம் நாயக்கரா, ஆறுமுகம் பிள்ளையா?