மின்காந்தக் காப்புக்கான கார்பன்–பாலிமர் கலப்புப் பொருட்கள்

மின்னணுக் கருவிகள் வெளியிடும் மின்காந்த அலைகள் அருகிலுள்ள கருவிகளைப் பாதிக்காமல் தடுக்க, பாலிமருக்குள் கார்பன் நானோ துகள்களைக் கலந்து உருவாக்கப்படும் பொருட்கள். கார்பன் கரி, கார்பன் நானோகுழாய், கிராஃபீன் ஆகியவை முக்கியமான கலப்பிகள். நானோகுழாய்கள் குறித்த சுமியோ இஜிமாவின் 1991ஆம் ஆண்டு ஆய்வும், 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோர் கிராஃபீனைப் பிரித்தெடுத்ததும் இத்துறைக்கு உந்துதலாயின.

செயல்படும் விதம்: பெரும்பாலான பாலிமர்கள் மின்கடத்தாப் பொருட்கள், அலைகள் அவற்றை எளிதில் ஊடுருவும். கலப்பியின் அளவு ஒரு வரம்பைத் தாண்டியதும், துகள்கள் தொடர் வலையாக இணைந்து மின்சாரத்தைக் கடத்துகின்றன. நானோகுழாய்கள் மெல்லியவை, நீளமானவை. ஆகவே கார்பன் கரியைவிடக் குறைந்த அளவிலேயே இவ்வலை உருவாகிறது. வரும் அலையில் ஒரு பகுதி மேற்பரப்பில் எதிரொளிக்கப்படுகிறது. மற்றொரு பகுதி உள்ளே உறிஞ்சப்பட்டு வெப்பமாகிறது.

அளவீடு: காப்புத்திறன் டெசிபலில் குறிக்கப்படுகிறது. 20 டெசிபல் என்றால் அலையின் ஆற்றலில் 99 விழுக்காடும், 30 டெசிபல் என்றால் 99.9 விழுக்காடும் தடுக்கப்படும்.

நிறைகுறைகள்: உலோகத் தகடுகளைவிட எடை குறைவு, துருப்பிடிக்காது, வேண்டிய வடிவில் வார்க்கலாம். வான்டர்வால்ஸ் ஈர்ப்பால் துகள்கள் திரண்டுவிடுவதால், சீராகப் பரப்புவதே பெரும் சவால்.